தோட்டத்துச் சாளைக்குத் துப்பாக்கி காவலாகுமா?

சேமலைக்கவுண்டம்பாளையம் பல்லடத்தை அடுத்த சிற்றூர். 2024 நவம்பர் கடைசியில் அங்கே ஒரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் அவர்களுடைய மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். மகன் கோவையில் ஐ.டி. வேலையில் இருந்தவர், ஊருக்கு வந்திருந்த நேரம். ஐந்து மாதம் கழித்து, 2025 மே 1 அன்று, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் இன்னொரு வயதான தம்பதியின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. கொலை நடந்து சில நாள் ஆகியிருந்தது. அதுவரை யாருக்கும் தெரியவில்லை. அந்த மாதமே மூன்று பேர் கைதானார்கள். பல்லடம் கொலைகளிலும் அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்று காவல்துறை சொன்னது.

அதன் பிறகுதான் கொங்கு வட்டாரத்தில் அந்தக் குரல் உரத்துக் கேட்கத் தொடங்கியது: தோட்டத்தில் தனியாக இருக்கிறவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள். விவசாயிகள் கூட்டங்களில் கேட்டது, டீக்கடைப் பெஞ்சில் கேட்டது, கல்யாண மண்டபத்துப் பந்தியில் கேட்டது. இன்னும் ஓயவில்லை. "போலீசு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருதுங்க. ஒரு லைசென்ஸ் குடுத்தாப் போதும், நாங்க பாத்துக்கறோம்" என்று சூலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னபோது அவர் குரலில் வீராப்பு இல்லை. பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர் கேட்கிற மருந்து அவர் நோயைத் தீர்க்காது, வேறு நோய்களை வீட்டுக்குள் கொண்டுவந்து விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பயம் ஏன் கொங்கில் மட்டும் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தஞ்சைப் பக்கம் வயல் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். வீடுகள் தெருத்தெருவாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்கே அப்படியில்லை. ஆற்றுப் பாசனம் குறைவான, கிணற்றை நம்பிய சீமை இது. விடியற்காலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் கிணற்றடியிலேயே குடியிருந்தால்தான் காடு விளையும். அதனால் அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை, அதாவது தோட்டத்து வீடு. கவலை போய் கரண்ட் மோட்டார் வந்தது, கிணறு வற்றி ஆயிரம் அடி போர் வந்தது, சாளை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே கூப்பிட்டால் கேட்காத தூரம்.

அன்றைக்குக் கேட்காத தூரம் ஒரு பொருட்டாக இல்லை. சாளையில் பத்துப் பேர் இருந்தார்கள். அண்ணன் தம்பி குடும்பம், பண்ணையாள், மாட்டுக்கட்டுத்தரை, ஆட்டுப்பட்டி என்று இரவெல்லாம் யாராவது இருமிக்கொண்டோ நடமாடிக்கொண்டோ இருப்பார்கள். இன்று பிள்ளைகள் சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். தோட்டத்தில் மிஞ்சியிருப்பவர்கள் அய்யனும் அம்மாவும், இரண்டு மாடு, ஒரு நாய். கோவையில் சனிக்கிழமை சாயங்காலம் திருச்சி ரோட்டில் கிழக்கே போகிற பஸ் ஒன்றில் ஏறிப் பாருங்கள். ஒண்டிப்புதூர் தாண்டும்போதே தெரியும்: மடியில் மாத்திரைக் கவர், பிக் ஷாப்பர் பையில் ஒரு வாரத்துக்கான மளிகை, காதில் போன். "வந்துட்டு இருக்கறம்மா, கதவத் தொறக்காத, நான் கூப்படறேன்" என்று யாராவது ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். இந்த நகரத்தில் சம்பளம் வாங்குகிறவர்களில் பெரும்பகுதிப் பேருக்கு இருட்டியபின் கவலைப்பட ஒரு சாளை இருக்கிறது.

இப்போது அந்தச் சாளையில் ஒரு துப்பாக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி முறையாக வாங்கியது. சிங்காநல்லூர்க்காரர் என்றால் மாநகரக் காவல் ஆணையரிடமும், பல்லடத்துக்காரர் என்றால் மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பித்து, காவல் நிலைய விசாரணை முடிந்து, கையாளும் பயிற்சி எடுத்து, பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து வாங்கிய ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ. அது பீரோவுக்குள் இருக்கும். தோட்டா இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிற வீடு. இரவு ஒரு மணிக்கு நாய் குரைக்கிறது. எழுபத்தைந்து வயதுக்காரர் எழுந்து, கண்ணாடியைத் தேடி, லைட்டைப் போடாமல் பீரோவைத் திறந்து, தோட்டாவை எடுத்துப் போட்டு, இருட்டில் வந்திருப்பது யார் என்று தீர்மானிக்க வேண்டும். திருடனா, வாய்க்கால் மடை மாற்ற வந்த பக்கத்துத் தோட்டத்துப் பையனா, சொல்லாமல் வந்து நிற்கும் மகனா?

நம் சட்டமே இந்த வயதைப் பற்றி ஒன்று சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில், உரிமம் வைத்திருப்பவர் எழுபது வயதைத் தொட்டால் துப்பாக்கியைத் தம் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். கை நடுங்கும் வயதில் துப்பாக்கி அடுத்த தலைமுறைக்குப் போகட்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. நாம் கேட்பதோ அந்த வயதில் புதிதாகக் கொடுங்கள் என்று. வாரிசுக்கு மாற்றினால் அந்த வாரிசு இருப்பது சரவணம்பட்டி அடுக்குமாடியில்.

வருகிறவன் நோட்டம் பார்த்துவிட்டுத்தான் வருகிறான். வீட்டில் எத்தனை பேர், எப்போது விளக்கணைப்பார்கள், நாய் கட்டியிருக்கிறதா, பக்கத்துச் சாளையில் ஆள் உண்டா என்றெல்லாம் தெரிந்துகொண்டு, அசந்து தூங்கும் நேரத்தில் வருகிறான். நேரத்தைத் தேர்ந்தெடுப்பவன் அவன். 2025 ஆகஸ்டில் உடுமலை வட்டாரத்தில் குடிமங்கலம் காவல் நிலையத்துச் சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் ஒரு தோட்டத்தில் நடந்த குடும்பச் சண்டையை விலக்கப் போய் வெட்டிக் கொல்லப்பட்டார். சீருடையும் அனுபவமும் உள்ள காவலர் நிலைமை இது. படுக்கையிலிருந்து எழுந்துவரும் முதியவர் முந்திக்கொள்வார் என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது வட்டாரத்துக்கே தெரிந்த செய்தியாக இருக்கும். நகையோடு அதையும் சேர்த்து எடுத்துப்போக ஒரு காரணம் கூடுகிறது. அடுத்த சாளைக்கு அவன் அதோடுதான் போவான்.

இதெல்லாம் திருடன் வருகிற ஓர் இரவைப் பற்றிய கணக்கு. பெரும்பாலான சாளைகளுக்கு அப்படி ஓர் இரவு வரவே வராது. ஆனால் துப்பாக்கி வருஷம் முழுக்க வீட்டில் இருக்கும். அந்த மற்ற நாட்களைப் பற்றித்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

நம் ஊர்ச் சண்டைகள் எவையென்று நமக்குத் தெரியாதா? வரப்புத் தகராறு. பொதுக்கிணற்றில் முறைத் தண்ணீர். வண்டித்தடத்தை அடைத்துப் போட்ட வேலி. பாகப்பிரிவினையில் ஒரு தென்னை வரிசை யாருக்கு என்ற வழக்கு. மூன்று தலைமுறையாகக் கோர்ட்டில் கிடக்கும் பங்காளிப் பகை. இன்றைக்கு இந்தச் சண்டைகள் மண்வெட்டியில் தொடங்கி, நாலு பேர் விலக்கிவிட்டு, தையல் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் சமாதானத்தில் முடிகின்றன. எல்லாம் அப்படி முடிவதில்லை, அரிவாள் பாய்ந்து உயிர் போனதும் உண்டு. ஆனாலும் அரிவாளை ஓங்கியவன் கிட்டே வந்தாக வேண்டும். வரும் வழியில் யாராவது கையைப் பிடிக்க முடியும், எதிரி ஓட முடியும். துப்பாக்கிக்கு அந்த இடைவெளி கிடையாது.

2020 நவம்பரில் பழனியில் நிலத் தகராறு ஒன்றில் ஒரு தியேட்டர் உரிமையாளர் கைத்துப்பாக்கியால் இரண்டு பேரைச் சுட்டார். அவர்களில் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் திருப்போரூர் பக்கம் நிலமும் பாதையும் தொடர்பான மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்து, சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே கைதானார். இரண்டிலும் சம்பந்தப்பட்டவர்கள் தொழில்முறை ரவுடிகள் அல்லர். ஊரில் மரியாதையோடு இருந்தவர்கள். தகராறு நம் வட்டாரத்தில் எந்தப் பஞ்சாயத்திலும் கேட்கக்கூடியது. கோபம் வந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளைத் தேடிப் போகும் கும்பல்கள் உள்ள மண் இது. 2016 மார்ச்சில் உடுமலை பஸ் நிலையத்தின் எதிரில் பட்டப்பகலில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கேமரா பதிவில் நாடே பார்த்தது. அவருடைய மனைவி பலத்த காயங்களோடு பிழைத்தார். பிழைத்து எழுந்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வந்தவர்கள் கையில் அன்று துப்பாக்கி இருந்திருந்தால் அந்தச் சாட்சி இருந்திருக்குமா? தோட்டத்துக்குக் காவல் என்று சொல்லி வாங்கும் துப்பாக்கி தோட்டத்து வாசலில் நின்றுவிடும் என்று நினைப்பது குடும்பங்களை அறியாதவர்கள் பேச்சு.

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி உள்ள வீட்டில் ஒருவர் கொலையாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 2.7 மடங்கு என்று கண்டார்கள். கொன்றவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தாரும் தெரிந்தவர்களும்தான். அந்த ஆய்வின் மீது துப்பாக்கி ஆதரவாளர்கள் பாய்ந்தார்கள், முறையில் குறை சொன்னார்கள், வாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் வீட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் வீட்டாரையே தின்கிறது என்பதை மறுக்க வலுவான சான்று எதுவும் எனக்குக் கண்ணில் படவில்லை.

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமானது கொலை அல்ல, தற்கொலை. கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டுப் புள்ளிவிவரம் தேவையே இல்லை. சாணிப்பவுடர் என்று ஒரு சொல் போதும்.

வாசல் மெழுகச் சாணம் கிடைக்காமல் போனபோது அதற்குப் பதிலாக வந்த சாயப்பொடி அது. மஞ்சளும் பச்சையுமாகப் பெட்டிக்கடையில் தொங்கியது. இந்த வட்டாரத்தில் அது எத்தனை வீட்டில் இழவு விழ வைத்தது என்பதைக் கோவை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த எந்த டாக்டரையும் நர்ஸையும் கேட்டால் சொல்வார்கள். மார்க் குறைந்த பிள்ளை, புருஷனோடு சண்டை போட்ட பெண், கடன்காரன் வாசலில் நின்றுவிட்டுப் போன அவமானம் தாங்காத விவசாயி. அவர்களில் பெரும்பாலோர் சாவதென்று மாதக்கணக்கில் திட்டமிட்டவர்கள் அல்லர். ஒரு மணி நேரத்து வேகம். அந்த மணி நேரத்தில் அலமாரியில் அது இருந்தது. அதனால்தான் அதன் விற்பனையை ஒடுக்க அரசு பலமுறை முயன்றது. பொருளை எட்டாத தூரத்துக்குத் தள்ளினால் அந்த ஒரு மணி நேரம் கடந்துபோய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வார் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் அறிவு.

இலங்கை இதை நாடு தழுவிய அளவில் செய்து காட்டியது. 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இருந்தது அது. கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. மக்களின் துயரம் குறைந்துவிடவில்லை. உள்நாட்டுப் போர், சுனாமி, கடன் எல்லாம் அந்தக் காலத்திலும் இருந்தன. கைக்கெட்டிய பொருள் மாறியது, அவ்வளவுதான்.

பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓட நேரம் இருக்கிறது. துப்பாக்கி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அமெரிக்காவில் 2023இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். அவர்களில் 27,300 பேர், பத்துக்கு ஆறு பேர் என்ற கணக்கில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சுடப்படும் செய்தி நமக்கு வந்து சேர்கிறது. இந்த அமைதியான சாவுகள் வருவதில்லை. 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்த மாநிலத்தில், அதுவும் பிள்ளைகளைப் பிரிந்து, நோயோடும் தனிமையோடும் முதியவர்கள் இருக்கும் சாளைகளுக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோய் வைப்பது எனக்கு நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. 2023 ஜூலையில் கோவை சரகக் காவல்துறைத் துணைத் தலைவரையே நாம் அப்படியொரு துப்பாக்கித் தற்கொலையில் இழந்தோம். திறமையும் பயிற்சியும் மரியாதையும் உடைய மனிதர். (மனம் சோர்ந்திருப்பவர்கள் பேச, 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் ஆள் இருக்கிறார்கள். தோட்டத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு இந்த எண்ணை எழுதி, போன் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.)

துப்பாக்கி உரிமை கேட்பவர்களிடம் ஒரு வலுவான வரலாற்று வாதம் உண்டு. அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. நம்மிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தவன் வெள்ளைக்காரன். மருது சகோதரர்களின் போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. அப்போது கொங்கில் தீரன் சின்னமலை இன்னும் பணியவில்லை; 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். 1857 கிளர்ச்சியின் பயம் ஆறாமல் வைஸ்ராய் லிட்டன் 1878இல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் போட்டார். வெள்ளையனுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி. ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கிய அந்தச் சட்டத்தைக் காந்தியே கடுமையாகக் கண்டித்திருக்கிறார்.

ஆனால் அந்த வாதம் 1947இல் முடிகிறது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச்.வி. காமத் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் என்று எழுதினால் குற்றவாளிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். திருத்தம் தோற்றது. சாதியின் பெயரால் ஊரை விட்டு ஒதுக்கப்பட்டவர்களின் பிரதிநிதி அவர். ஊரில் துப்பாக்கி வாங்கும் வசதி யாருக்கு இருக்கும், அது யாரை நோக்கித் திரும்பும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சட்டமில்லாத துப்பாக்கிகள் பற்றி 2023 பிப்ரவரியில் தானாக வழக்கெடுத்த உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமை அல்ல என்பதையே நினைவூட்டியது.

பக்கத்தில் குடகில் துப்பாக்கி இல்லாத வீடு இல்லையே என்பார்கள். உண்மைதான், கொடவர்களுக்கு உரிம விலக்கு ஆங்கிலேயர் காலம் தொட்டு இருக்கிறது. 2029 வரை நீட்டியிருக்கிறார்கள். அது நிலத்தோடும் முன்னோர் வழிபாட்டோடும் பின்னிய ஒரு சிறு சமூகத்தின் பழக்கம். அதை எடுத்துவந்து மூன்று நான்கு மாவட்டங்களில் நட முடியாது.

உள்துறை அமைச்சகத்தின் 2016 இறுதிக் கணக்குப்படி நாட்டில் 33 லட்சத்துக்கு மேல் துப்பாக்கி உரிமங்கள். அதில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில். மக்கள்தொகையில் நம்மைவிட மிகச் சிறிய பஞ்சாபில் 3.59 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500. நம் கல்யாணங்களில் வாணம் விடுகிறோம். வானத்தை நோக்கிச் சுட்டு மணமேடையில் பிணம் விழும் செய்தி வடக்கிலிருந்துதான் வருகிறது. அதைத் தண்டிக்கவென்றே 2019 திருத்தத்தில் தனிப்பிரிவு சேர்க்க வேண்டியிருந்தது. அதே திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். நாடு போகும் திசை அது. 22,500 என்ற எண்ணிக்கையைத் தமிழ்நாட்டின் சொத்தாகவே நான் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் விவசாயி கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது: காட்டுப்பன்றி. மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு கூட்டம் உள்ளே புகுந்துவிட்டுப் போன காட்டைக் காலையில் பார்த்திருக்கிறேன். தின்றது கால்வாசி, சாய்த்து மிதித்தது முக்கால்வாசி. நிலக்கடலைக் காட்டை ஏர் ஓட்டினதுபோல் உழுது போட்டிருக்கும். மலையடிவாரத்தில் மட்டுமல்ல, ஓடைப் புதர்களிலும் சீமைக்கருவேல முள்ளிலும் தங்கிப் பெருகிக் காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்களிலும் இறங்குகின்றன. வலையும் சேலையும் கட்டிப் பார்த்து, இரவெல்லாம் பட்டாசு வெடித்துப் பார்த்து, கடைசியில் வெறுத்துப்போனவர்கள் இரண்டு வழிக்குப் போகிறார்கள். ஒன்று வேலியில் கள்ளக் கரண்ட். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. இன்னொன்று அவுட்டுக்காய். பன்றிக்கென்று வைத்த வெடியை யானை கடித்துத் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. கள்ளத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கிகளும் இந்தக் கதையில் உண்டு.

1959 சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கென்று குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க இடம் வைத்திருக்கிறது. ஆனால் 1972இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் துப்பாக்கியால் பன்றியைச் சுட்டால் வழக்கு. இந்த முரண்பாட்டில் விவசாயியை அரைநூற்றாண்டு நிறுத்தி வைத்தோம். 2025 ஜனவரியில்தான் தமிழ்நாடு அரசு ஒரு முடிவெடுத்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் 2022லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள சுடுநர்களைக் கொண்டு சுட அனுமதித்தது. நம் உத்தரவு தாளில் சரி. புகார் கொடுத்த எத்தனையாவது நாளில் ஆள் வருகிறார், வட்டாரத்துக்கு எத்தனை பயிற்சி பெற்ற சுடுநர்கள் இருக்கிறார்கள் என்பதில்தான் விவசாயிக்கு அதன் மதிப்பு. இங்கே துப்பாக்கி தேவை. அது கணக்கு காட்ட வேண்டிய, பயிற்சி பெற்ற ஒரு குழுவின் கையில், அழைத்தால் அன்றிரவே வரும்படி இருக்க வேண்டும்.

சாளைக்கு வருவோம். சிவகிரி வழக்கில் கொள்ளைபோன நகையை உருக்கிக் கொடுத்த நகைக்கடைக்காரரும் கைதானார் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? தாலிக்கொடியை உருக்கி வாங்க ஆள் இருப்பதால்தான் தாலிக்கொடிக்காகக் கொல்கிறார்கள். கோவை தங்க நகைத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பழைய நகை வாங்குகிறவரும் உருக்குகிறவரும் கொண்டுவந்தவரின் அடையாளமும் நகையின் படமும் பதியாமல் உலையில் போடக் கூடாது என்று கறாராக நடைமுறைப்படுத்துங்கள். துப்பாக்கிக்கு வைத்திருக்கும் கெடுபிடியில் பாதியை உருக்குப் பட்டறைக்கு வைத்தால் இந்தக் கொள்ளைக்கே லாபம் இருக்காது. பெரியவர்களும் இருபது பவுனைச் சாளையில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். பாங்க் லாக்கர் கிடைக்காமல் அலைகிறவர்களுக்குக் கூட்டுறவு வங்கிகள் வழி செய்யலாம்.

இந்தக் கொலைகள் நடந்ததும் முதலில் சந்தேகப்பட்டது வடமாநிலத் தொழிலாளர்களைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கைதானவர்கள் நம் ஊர்க்காரர்கள். சந்தேகத்தோடு துப்பாக்கியும் சேர்ந்திருந்தால், இரவில் வழி தவறித் தண்ணீர் கேட்க வரும் ஒரு பீகார்ப் பையனின் கதி என்ன?

காவல்துறை தோட்டத்து வீடுகளைக் கணக்கெடுத்தது, ரோந்தை அதிகரித்தது. நல்லது. ஆனால் பரபரப்பு அடங்கினால் ரோந்தும் அடங்கும் என்பது ஊரார் அனுபவம். பாங்க் ஏ.டி.எம். வாசலில் ரோந்துக் காவலர் கையெழுத்திடத் தொங்கும் பட்டா புத்தகம் போல், முதியவர்கள் தனியாக உள்ள ஒவ்வொரு சாளையிலும் ஒரு நோட்டு தொங்கட்டும். ரோந்து வரும் காவலர் நேரம் போட்டுக் கையெழுத்திடட்டும். நான்கைந்து சாளைகளுக்கு நடுவே ஒரு சைரன்; ஒன்றில் பட்டனை அழுத்தினால் எல்லாவற்றிலும் விளக்கு எரிந்து ஊளையிட வேண்டும். மோட்டாருக்கு செல்போனில் ஸ்டார்ட்டர் போட்டுக்கொடுக்கும் மெக்கானிக்குகள் உள்ள சீமை இது. இந்த வேலை நம் பட்டறைகளுக்கு ஒரு வாரத்து வேலை. செலவை ஊராட்சியும் வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளலாம். விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் ஒவ்வொரு மாதமும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. எந்தச் சாளை நோட்டில் கடைசிக் கையெழுத்து எந்தத் தேதியில் விழுந்தது, பன்றிப் புகார் எத்தனை வந்து எத்தனைக்கு ஆள் போனார்கள், யார் யாருக்கு எந்தக் காரணத்துக்காகத் துப்பாக்கி உரிமம் கொடுத்தார்கள் அல்லது மறுத்தார்கள் என்ற மூன்று பட்டியலையும் அந்தக் கூட்டத்தில் விவசாயிகள் முன்னால் வாசிக்க ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும்.